கவாத்தும் வீண்வேலையோ?

சதுரங்கச் செய்நிரலின் ஆட்டவலிமையை உயர்த்தாத திருத்தமெல்லாம் வீண் என வாதிடும் நண்பர்களை, நுவரெலியாத் தோட்டமொன்றின் கவாத்து மலைக்கு அழைக்க விரும்புகிறேன். மாதக்கணக்கிற் கொழுந்து தராத அச்செடிகளைக் கண்டு, வெட்டியவனை அவர்கள் ஏசுவார்களா?

டோர்ட் ரொம்ஸ்டாட்டின் குளோரங்கிலிருந்து 2008இல் மார்க்கோ கொஸ்தால்பா உருவாக்கிய ஸ்டொக்ஃபிஷ், எவரும் திருத்தக்கூடிய திறந்த செய்நிரல். அதன் துணைப்பகுதிகளைச் சீர்ப்படுத்துவோர், திருத்தத்திற்கு முன்னும் பின்னும் குறித்த சில ஆட்டநிலைகளை ஆராயவிட்டு, ஆராயப்பட்ட நிலைகளின் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடுகின்றனர். ஒன்று பிசகினும் தேடலின் போக்கு மாறிவிட்டதென்பதே பொருள். இத்துணைக் கட்டுப்பாடுள்ள வேலையையா கூட்டிப் பெருக்குதல் என்று இகழ்வது? (கூட்டிப் பெருக்குதல் இழிவென்று சொன்னவர் யார் என்பது வேறு கேள்வி.)

உள்ளீட்டைக் கவனியாமையின் விளைவோ பெரிது. 2000இல் வெளியான யூ.சி.ஐ. நெறிமுறைப்படி நகர்வுகள் எழுத்துவரிசையாகச் செய்நிரலை வந்தடைகின்றன. அவற்றுள் ஒன்று விதிக்கு முரணாயின், ஸ்டொக்ஃபிஷின் பல பதிப்புகள் எச்சரிக்கையேதுமின்றி அவ்விடத்தே வாசிப்பை நிறுத்தி, அதுவரை எட்டிய நிலைக்கே விடை கூறின. வினவியவன் இதனை அறியான்; வேறொரு பலகைக்குரிய அறிவுரையை நம்பி ஆடுவான். "அனுப்புவோன் சரியாக அனுப்பட்டும்" என்கின்றனர். முற்றிய இலையை நிறுவையிலேயே கழிக்காத தொழிற்சாலை, பின்னர் உருட்டும் பொறியை நொந்துகொள்ளலாமா? பிழையுண்டென ஒருவரியில் அறிவித்தால் ஆட்டவலிமை குன்றும் என்பதும் பொருந்தாது. அச்சோதனை நடப்பது தேடல் தொடங்குமுன்பே.