முன்பல் 17ஆ, 18ஆ?

“முன்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டு விடுங்கண்ணே, டாப் ஸ்பீடு வரும்.” பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருப்பவர்கள் நம் பட்டறைகளில் அடிக்கடி கேட்பது இது. “போட்டுடலாம் தம்பி” என்று உடனே ஒப்புக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. புதுப்பேட்டைக்குப் போனால் 16, 17, 18 என்று எந்தப் பல்லும் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு பல், வண்டி ஓடும் விதத்தையே மாற்றிவிடுகிறது. கேட்கிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். செய்து கொடுக்கிற நமக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம். பழைய புல்லட்டின் பின்சக்கரத்தில் 38 பல். முன்னால் 17 இருந்தால் விகிதம் 2.235, 18 போட்டால் 2.111. குறைவது 5.6 சதவீதம். முன்பு 4000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு இன்ஜின் இப்போது ஏறக்குறைய 3780 சுற்றினால் போதும். ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர் உள்ள இன்ஜினுக்கு இது சின்ன நிம்மதி இல்லை. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12 மீட்டரிலிருந்து 11.3க்கு இறங்குகிறது, ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்டிலும் ஏறுகிற அதிர்வு தணிகிறது. சமதளச் சாலையில் ஒரே சீராக நெடுந்தூரம் போகிறவருக்கு 18 பல் நல்ல மாற்றம். அதை நான் மறுக்கவில்லை.

அவர் கேட்டதோ டாப் ஸ்பீடு. அது வேறு விஷயம். 346 சிசி வார்ப்பிரும்பு புல்லட்டின் சக்தி 18 குதிரைத்திறன், அதுவும் 5625 ஆர்பிஎம்மில். ஸ்ப்ராக்கெட் அதில் அரைக் குதிரையைக்கூடக் கூட்டாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகம் 6 சதவீதம் கூட வேண்டுமானால் அதற்கான சக்தி ஏறக்குறைய 19 சதவீதம் கூட வேண்டும். அது எங்கிருந்து வரும்? டாப் கியரில் 5625ஐத் தாண்டிச் சுற்றுகிற வண்டிக்கு மட்டுமே பெரிய முன்பல்லால் உச்ச வேகம் கூடும். அந்த ஆர்பிஎம்மையே எட்டாத வண்டிக்கு 18 போட்டால் இன்ஜின் இன்னும் கீழே இறங்கி, சக்தி குறைவான இடத்தில் நின்றுவிடும். எதிர்க்காற்று அடித்தால், பின்னால் ஒருவர் உட்கார்ந்தால், டாப்பில் இழுக்காமல் மூன்றாவதுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த வண்டியின் ஆல்பியன் கியர்பாக்ஸில் இருப்பதே நான்கு கியர். அதில் ஒன்றைப் பாதி நேரம் பயன்படாமல் செய்துவிடுகிறோம்.

நான் அதிகம் கவலைப்படுவது இதற்கு அடுத்ததைப் பற்றி. புல்லட்காரர்களுக்கு டாப்பில் மெதுவாக, ‘தட் தட்’ என்று போவதில் ஓர் ஆசை உண்டு. 17 பல்லில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அப்படிப் போகப் பழகியவர், 18 போட்ட பிறகும் அதே 40இல் டாப்பிலேயே போவார். மேடு வரும்; கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை முறுக்குவார். குறைந்த சுற்றில் முழு லோடு. அந்த நேரம் இன்ஜினுக்குள்ளே நடப்பதை நாம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜின்களில் பொதுவாக கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பது ரோலர் பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். அதற்கு உயிர் ஆயில்தான். அந்த ஆயிலைத் தருகிற பிளஞ்சர் பம்ப், கிராங்க் முனையில் உள்ள வார்ம் மூலம் ஓடுகிறது. கிராங்க் சுற்று குறைந்தால் பம்ப்பும் மெதுவாகும். ஒவ்வொரு வெடிப்பும் பலமாக அடிக்கிற நேரத்தில் ஆயில் குறைவாக வருகிறது. கூடவே நாக்கிங், ஹெட்டில் சூடு. பிக் எண்ட் போய் நம்மிடமே திரும்பி வருகிற வண்டிகளில், முன்பல்லை எண்ணிப் பார்க்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வாரந்தோறும் மூட்டையோடு ஏறுகிறவருக்கு 16 பல்தான் சரி. 17ஐ 16 ஆக்கினால் எல்லா கியரிலும் பின்சக்கர இழுவை 6.25 சதவீதம் கூடும். மேட்டில் வண்டியை எடுக்கும்போது கிளட்ச் அரைபடுவது குறையும். ஆனால் முன்பல் சிறிதானால் அதே இன்ஜின் டார்க்குக்கு செயின் தாங்க வேண்டிய இழுப்பும் அதே 6.25 சதவீதம் ஏறுகிறது. பல் குறையக் குறைய செயின் மடங்குகிற கோணமும் கூடி, தேய்மானம் சீக்கிரம் வரும். பின் ஸ்ப்ராக்கெட்டைத் தனியாகக் கழற்றக்கூடிய வேறு குரூசர்களில் முன்னதைத் தொடாமல் பின்னால் இரண்டு மூன்று பல் கூட்டினால் ஏறக்குறைய அதே இழுவை கிடைக்கும். செயின் இழுப்பும் கூடாது. செலவு அதிகம்தான், ஆனாலும் நான் அதையே பரிந்துரைப்பேன். பழைய புல்லட்டில் அதற்கு வழியில்லை. அதில் பின்பல் பிரேக் டிரம்மோடு சேர்ந்தே வருகிறது.

வேலை முறையில் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் இருக்கிறது. பிரைமரி கேஸைத் திறந்து, கிளட்சைக் கழற்றித்தான் அதைத் தொட முடியும். அவ்வளவு தூரம் போனபின் கிளட்ச் பிளேட்டையும் பிரைமரி செயினையும் ஆயில் சீலையும் பார்க்காமல் மூடுவது வாடிக்கையாளருக்குச் செய்கிற நியாயம் இல்லை. 15.875 மில்லிமீட்டர் பிட்ச் உள்ள செயினில் முன்பல் ஒன்று மாறினால் ஆக்ஸில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நகர வேண்டும். பெரிய பல் போடும்போது முன்பக்கம் நகர்த்த அட்ஜஸ்டரில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிரேக் ராடு, வீல் அலைன்மென்ட். தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் ஏற்றாதீர்கள்.

ஸ்பீடோமீட்டர் விஷயமும் உண்டு. பழைய புல்லட்டில் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் பிழை வராது. கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை எடுக்கிற வண்டியில் முன்பல்லைப் பெரிதாக்கினால், மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். இதைச் சொல்லாமல் வண்டியைக் கையில் கொடுப்பது ஆபத்து.

மீட்டியோர் 350 போன்ற புதிய வண்டிகளில் இந்த மாற்றத்துக்கு நான் எளிதில் சம்மதிக்க மாட்டேன். அந்த 349 சிசி இன்ஜின் 6100 ஆர்பிஎம்மில் 20.2 குதிரைத்திறனும், 4000இல் 27 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. ஐந்து கியர்கள் இருப்பதால் இடைவெளியும் நெருக்கம். புகைச் சோதனையும் இரைச்சல் சோதனையும் தேறியது கம்பெனி வைத்த விகிதத்தில்தான். வாரண்டியில் உள்ள வண்டியென்றால் கை வைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. “இழுவை இல்லை” என்று வருகிற வண்டிக்கெல்லாம் பல் மருந்தாகாது. பிரேக் ஷூ உரசுகிறதா, கிளட்ச் நழுவுகிறதா, டைமிங் தள்ளிப் போயிருக்கிறதா, டேப்பட் இடைவெளி சரியா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல்லுக்கு வர வேண்டும். பின் டயரையும் பாருங்கள். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டி, அதன் சுற்றளவு 3 சதவீதம் கூடியிருந்தால் முன்னால் அரைப் பல் கூட்டியதற்குச் சமம். பழைய டயர் அளவுக்குத் திரும்பினாலே சில வண்டிகளில் இழுவை வந்துவிடும்.

எல்லாப் பட்டறைகளும் இந்த மாதம் முதல் ஒன்று செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜாப் கார்டில் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: வந்தபோது முன்பல், பின்பல் எத்தனை, போகும்போது எத்தனை. பல கை மாறிய பழைய வண்டியில் உள்ளே என்ன பல் இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரிவதில்லை. கிளட்சைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம்: பிரைமரி கேஸை மட்டும் திறந்து, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி கிளட்ச் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பாருங்கள். அந்த கியரில் ஆல்பியன் பெட்டி நேராகவே ஓடுவதால், 38ஐ அந்த எண்ணால் வகுத்தால் முன்பல் வந்துவிடும். அந்த எண்ணை பில்லிலும் எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறக்கிற மெக்கானிக்குக்கு அது தேவைப்படும்.