நவம்பர் 1 யாருக்கு?

தோவாளையிலிருந்து வந்து திருவனந்தபுரம் பழவங்காடிப் பக்கம் மாலையாகத் தொங்கும் சாமந்தியை பிரான்ஸில் விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள். அங்கே அது கல்லறைப் பூ. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், பொது விடுமுறை. இறந்தோர் நினைவு நாள் மறுநாள்தான். ஆனாலும் விடுமுறையன்றே குடும்பத்தோடு போய் சாமந்தித் தொட்டியை வைத்துவிட்டு வருகிறார்கள்.

1905-ல் சட்டம் போட்டு மதத்தை அரசிலிருந்து பிரித்த நாடு அது. ஆனால் அதன் 11 பொது விடுமுறைகளில் ஆறு கிறிஸ்தவப் பண்டிகைகள். யோம் கிப்பூருக்கும் பக்ரீத்துக்கும் பள்ளிகளை மூடலாம் என்று 2003-ல் ஸ்டாசி குழு பரிந்துரைத்தபோது அரசு ஏற்கவில்லை. இருப்பதைக் குறைப்பதும் எளிதல்ல. இரண்டாம் உலகப் போர் வெற்றி நாளான மே 8 விடுமுறையை 1959-ல் டி கோல் அரசு நீக்கியது. 1981-ல் மித்தரான் திருப்பிக் கொடுத்தார். கடன் சுமையைக் காட்டி 2025 ஜூலையில் அதையும் ஈஸ்டர் திங்களையும் வேலை நாளாக்கப் பார்த்தார் பிரதமர் பேய்ரூ. நாடே கொதித்தது. செப்டம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று அவர் வீட்டுக்குப் போனார். அடுத்து வந்த லெகோர்னு முதல் வேலையாக அந்த யோசனையைக் கைவிட்டார்.

ஒருநாள் சம்பளத்துக்கா இத்தனை கோபம்? அது மட்டுமல்ல. எதை மறக்கக் கூடாது என்று அரசு ஒப்புக்கொண்டதன் பட்டியல்தான் விடுமுறைப் பட்டியல்.

நம் பக்கமும் அதே நவம்பர் 1 உண்டு. 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று, தன் சொந்தத் திருநாளில், பிரான்ஸ் புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்தது. இன்று அங்கே அது விடுதலை நாள், அரசு விடுமுறை.

இரண்டே ஆண்டுகளில், 1956-ல், அதே தேதியில் கேரளம் பிறந்தது. அதே நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டு சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. அதற்காக நேசமணி தலைமையில் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை.

ஆக, பழவங்காடியில் அன்று கேரளப் பிறவி: வேலை நாள்தான், அலுவலகங்களில் மொழி உறுதிமொழி. தம்பானூரில் பஸ் ஏறிக் களியக்காவிளையைத் தாண்டினால் குமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. தமிழக அரசோ 2021-ல் மாநிலத்தின் நாளை ஜூலை 18-க்கு மாற்றிவிட்டது. அது 1967-ல் தமிழ்நாடு என்ற பெயருக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தந்த தேதி.

எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன தமிழர்களுக்கு எந்தத் தேதி? இன்னொரு லீவு அவர்களுக்கு வேண்டாம். நவம்பர் 1 அன்று திருவனந்தபுரத்துப் பள்ளிகள் மார்த்தாண்டத்தின் கதையையும், அடுத்த நாள் திறக்கும் குமரிப் பள்ளிகள் தேவிகுளத்தின் கதையையும் பத்து நிமிடம் சொன்னால் போதும். பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு சாமந்தித் தொட்டி யாருக்கு என்று தெரிந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அன்றைய லீவு யாரால் வந்தது என்றாவது தெரிய வேண்டாமா?