ஆனை வீட்டுக்குப் போன பிறகு கிளம்பலாம்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மேற்கே பார்த்து ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் போதும், மலை அடிவாரம் வந்துவிடும். பெங்களூர்க்காரர்கள் நந்தி மலைக்குப் போக வேண்டுமென்றால் 60 கிலோமீட்டர். சென்னைக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் (அவர்களுக்குக் கடல் இருக்கிறது, அழ வேண்டாம் :-)).

இந்தக் கொடுப்பினையை அனுபவிக்கிற விதத்தில்தான் ஒரு கோளாறு. சனி, ஞாயிறுகளில் ஹெல்மெட்டும் லைட்டும் மாட்டிக்கொண்டு கிளம்புகிற கூட்டத்தில் பாதிப்பேர் காலை நாலரை மணிக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டு விடுகிறார்கள். ஐந்தரைக்கெல்லாம் அடிவாரத்தில் இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் டிராஃபிக் இருக்காது, வெயில் இருக்காது, ஆபீஸ் அல்லது வீட்டு வேலை கெடாது என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றும் நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஐந்தரை மணி அவர்களுடைய நேரம் இல்லை.

முதலில் ரூட்டுகளைப் பார்த்துவிடலாம், அப்போதுதான் விஷயம் புரியும்.

எல்லோருக்கும் பிடித்தது சிறுவாணி ரோடு. பேரூர் பட்டீசுவரர் கோயிலைத் தாண்டிவிட்டால் ஊர் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். மாதம்பட்டி, ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் வெள்ளியங்கிரி அடிவாரமான பூண்டி, நேராகப் போனால் சாடிவயல். ஊரிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட வரும். நொய்யல் பிறந்து வருகிற பள்ளத்தாக்கு இது. வழி நெடுக வாழை, தென்னை, பாக்கு. ரோடு ஏறுவதே தெரியாது. திரும்பி வரும்போது மிதிக்காமலே சைக்கிள் உருளும், அப்போதுதான் இவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று தெரியும். ஆடி மாதத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். போகும்போது ஒன்றரை மணி நேரம் ஆன தூரத்தை வரும்போது ஒரு மணிக்குள் முடித்துவிட்டு, தொடையில் பலம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது தடாகம் ரோடு. கணுவாய், சின்னத்தடாகம், மாங்கரை. மாங்கரை செக்போஸ்ட் வரை சமவெளி மாதிரி, அதற்குப் பிறகு காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறி ஆனைகட்டி. அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்படும் வரை இந்த ரோட்டில் லாரிகளுக்கு வழிவிட்டே காலம் போகும்.

மூன்றாவது, மேட்டுப்பாளையம் போய் குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ ஏறுவது. கோத்தகிரி ரோட்டில் 33 கிலோமீட்டரில் சுமார் 1450 மீட்டர் ஏற வேண்டும், அதாவது நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர். குன்னூர் வழியில் கல்லாறு தாண்டியதும் ரயிலே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. அது வேறு விளையாட்டு, அதற்கு வேறு கால்கள் வேண்டும். இங்கே பேச்சு அடிவாரத்தைப் பற்றி.

இந்த மூன்று ரூட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றும் யானைகள் நடமாடுகிற இடங்கள். ஆனைகட்டி என்ற பெயரிலேயே இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி காட்டிலிருந்து இறங்கி வாழைக்கும் தென்னைக்கும் சோளத்துக்கும் வருகிற யானைகள், விடிவதற்கு முன்னால் மலைக்குத் திரும்பும். தோட்டக்காரர்களும் வனத்துறை ஆட்களும் ராத்திரி முழுக்க பட்டாசு வெடித்து, டார்ச் அடித்து, கத்தி விரட்டியிருப்பார்கள். ஆக, காலை ஐந்து மணிக்கு ரோட்டைக் கடக்கிற யானை, ஆறேழு மணி நேரமாகத் துரத்தப்பட்டு எரிச்சலில் இருக்கிற யானை. அதன் முன்னால் போய்த்தான் இவர்கள் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கை அடிக்கிறார்கள்.

சைக்கிளின் அழகே சத்தம் போடாதது. அடிவாரத்து இருட்டில் அந்த அழகுதான் ஆபத்து. லாரியும் பஸ்ஸும் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே உறுமி அறிவித்துவிடும், யானை ஒதுங்கிக்கொள்ளும். சைக்கிள் வளைவு திரும்பி மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். யானைக்குக் கண் அவ்வளவு கூர்மை கிடையாது, காதும் மோப்பமும்தான். திடுக்கிட்டால் அது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை வரும். ஏற்றத்தில் நல்ல ஆள் மிதித்தாலே பன்னிரண்டு, பதினைந்துதான். இதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம்.

"இத்தனை வருஷமாகப் போகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது வழக்கமான பதில். ஆகாத நஷ்டத்தை லாபம் என்று எழுதுகிற கணக்குப்பிள்ளையை எந்தக் கம்பெனியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதைவிட முக்கியம், நஷ்டம் வந்தால் அது யார் கணக்கில் ஏறும் என்பது. அடிபடுகிற சைக்கிள்காரர் கணக்கில் மட்டுமில்லை. மனிதனுக்கும் யானைக்கும் தகராறு முற்றினால் கடைசியில் இடம் மாறுவது யானைதான் என்பதற்கு இதே தடாகம் ரோடு சாட்சி. 2018 டிசம்பரில் விநாயகன் என்று ஊர் பெயர் வைத்த யானையைப் பிடித்து முதுமலைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த மாதமே சின்னத்தம்பியைப் பிடித்து டாப்ஸ்லிப்பில் விட்டார்கள். அது அங்கே தங்கவில்லை. இறங்கி நடந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு வந்து நின்றது. 2019 பிப்ரவரியில் மறுபடி பிடித்து, இந்த முறை வரகளியாறு கூண்டில் அடைத்தார்கள். அவற்றைப் பிடித்ததற்குக் காரணம் பயிர்ச்சேதமும் ஜனங்களின் பயமும். அந்தப் பயத்தில் வாரக்கடைசி பொழுதுபோக்கு ஒன்றும் தன் பங்குக்கு ஒரு பிடி சேர்க்க வேண்டுமா?

சரி, அந்த நேரத்தில் ரோட்டில் வேறு யாருமே இல்லையா? இருக்கிறார்கள். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள், தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்கள். அவர்களிலும் சைக்கிள்காரர்கள் உண்டு, கியர் இல்லாத பழைய சைக்கிள், கேரியரில் பால்கேன். இவர்களை யாரும் 'சைக்கிளிஸ்ட்' என்று சொல்வதில்லை. அது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு நாள் பேசலாம். பால்காரருக்கு ஐந்து மணி என்பது பிழைப்பு, அவர் மாற்ற முடியாது. ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிளில் வருகிறவர் மாற்றலாம். மாற்ற முடிந்தவர் மாற்றுவதுதானே முறை?

அரசாங்கமே இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. பந்திப்பூர் காட்டு ரோட்டில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வாகனத் தடை 2009-இல் வந்தது. சத்தியமங்கலத்தை அடுத்த திம்பம் மலைப்பாதையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இரவுத் தடை வந்தது. அங்கும் விடியல் கணக்கு ஆறு மணிதான். சிறுவாணி ரோட்டுக்கும் அப்படி ஒரு தடை வர வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை, ஊர்க்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும். சைக்கிள் கிளப்புகள் தாங்களாகவே அந்த ஆறு மணியை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு. சட்டம் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போதும்.

இனி அந்த மூன்று காரணங்கள். டிராஃபிக்? ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேரூர் ரோட்டில் அப்படி ஒன்றும் நெரிசல் கிடையாது. வெயில்? கோவை வெயிலுக்கு எட்டு மணி வரை கோபம் வராது, ஏப்ரல், மே தவிர. நேரம்? ஒன்றரை மணி நேரம் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும், ஒன்றரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வருவீர்கள். வரவும் செலவும் சரி.

இன்னொரு வரவும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. மலை மேற்கே இருக்கிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் எழுந்து நேராக வெள்ளியங்கிரி முகத்தில் அடிக்கும். மேலே பாறை சிவந்து, அப்புறம் மஞ்சளாகி, வெளிச்சம் மடிப்பு மடிப்பாகக் கீழே இறங்கும். ஐந்தரைக்கே வந்து திரும்பிப் போகிறவர், இருபது மீட்டர் தார் ரோட்டையும் முன்னால் போகிறவரின் சிவப்பு விளக்கையும் பார்த்துவிட்டுப் போகிறார். அதைப் பீளமேட்டிலேயே பார்த்திருக்கலாமே!

ஆகவே நடைமுறையில் ஒன்று. ஊரைவிட்டு ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் ஆகும், அந்த மாதங்களில் இன்னும் அரை மணி தள்ளிப் போடுங்கள். ஆலாந்துறையிலோ சின்னத்தடாகத்திலோ ஒரு டீக்கடையில் நிறுத்தி, "ஆனை தோட்டத்த விட்டுப் போயிருச்சுங்களாண்ணா?" என்று கேளுங்கள். எந்த ஆப்பும் சொல்லாத தகவல் அங்கே கிடைக்கும், கூடவே டீயும். இன்னும் போகவில்லை என்றால் இன்னொரு டீ. மாங்கரைக்கு மேலே தனியாகப் போகாதீர்கள், காதில் பாட்டு வேண்டாம், வளைவுகளில் மணி அடியுங்கள். ஸ்ட்ராவாவில் நேரத்தை முறியடிக்க வேண்டுமென்றால் அவினாசி ரோடு இருக்கிறது. திரும்பும்போது வெயில் கண்ணில் அடிக்கும், பின்னால் வருகிற டிரைவருக்கும் அடிக்கும். கறுப்புச் சட்டை போடாதீர்கள், பளிச்சென்று எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.