காற்றில் ஏறும் மரப்பறவை

பொழுதுபோக்கு என்ற சொல்லை நம்மிற் பெரும்பாலோர் பொழுதை வீணாக்குதல் என்ற பொருளிலேயே வழங்கி வருகின்றோம். பரீட்சை, புள்ளி, பல்கலைக்கழக அனுமதி என்னும் மூன்று மந்திரங்களைத் தவிர வேறொன்றும் பிள்ளைகளின் செவியில் விழலாகாது என்பது பெற்றோர் பலரின் கொள்கை. ஆசிரியனாகிய நானும் நெடுங்காலம் அக்கொள்கையுடையவனாகவே இருந்தேன். அதனை மாற்றியவன் என் பழைய மாணவன் ஒருவன்.

ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், புவியீர்ப்பு மையம் என்னும் பாடத்தைக் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த அம்மாணவன், கடதாசி மட்டையினாற் செய்த சிறு விமானமொன்றை மேசையின்கீழ் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தான். அதனைப் பறித்து வகுப்பார் காணக் கிழித்தெறிந்தேன். விமானத்தின் மூக்கிற் செருகியிருந்த குண்டூசி என் விரலில் தைத்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஜேர்மனியில் இப்பொழுது தொழில் புரியும் அவன், சென்ற விடுமுறையில் மனைவி மக்களுடன் எம் இல்லத்துக்கு வந்திருந்தான். பேச்சினிடையே தன் கைத்தொலைபேசியிற் சில படங்களைக் காட்டினான். பசும்புல் மூடிய மலையுச்சியில் நின்று, தன் உயரத்தினும் நீண்ட சிறகுகளையுடைய விமானமொன்றை அவன் காற்றில் வீசும் காட்சி அவற்றுள் ஒன்று.

“இதன் இயந்திரம் எங்கே?” என்று கேட்டேன்.

“இயந்திரம் இல்லை, சேர். காற்று மலையில் மோதி மேலே போகிறது. அது போதும்” என்றான்.

அன்று மாலை முழுவதும் அவன் ஆசிரியனாகவும் நான் மாணவனாகவும் இருந்தோம். அவனிடம் கேட்டவற்றையும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

சமநிலத்தில் வீசிவரும் காற்று ஒரு மலைத்தொடரையோ கடற்கரைச் செங்குத்துப் பாறையையோ எதிர்ப்படும்பொழுது, சரிவின் வழியே மேல்நோக்கித் திரும்புகின்றது. பருந்து சிறகை அசைக்காமலே சரிவின்மேல் நெடுநேரம் மிதப்பது இக்காற்றின் துணையினாலாகும். இயந்திரமில்லாத விமானமோ, தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தவரையில், எப்பொழுதும் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே இருக்கின்றது. பத்து மீற்றர் முன்செல்வதற்கு ஒரு மீற்றர் இறங்கும் மாதிரி விமானம் ஒன்று செக்கனுக்கு 10 மீற்றர் கதியிற் பறக்குமாயின், செக்கனுக்கு 1 மீற்றர் வீதம் இறங்கும். ஆனால் அவ்விடத்துக் காற்று செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் மேலெழுமாயின், விமானம் இறங்கிக்கொண்டே ஏறும். மேலேறும் மின்படிக்கட்டில் ஒருவன் மெல்லக் கீழ்நோக்கி நடப்பினும் இறுதியில் மேல்மாடியையே சென்றடைவான் அன்றோ? இதுவும் அத்தகையதே.

இவ்விளையாட்டின் வரலாறு மனிதன் பறக்கக் கற்ற வரலாற்றோடு பிணைந்தது. 1804 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த சேர் ஜோர்ஜ் கேய்லி என்பவர், ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளமான தடியொன்றில் ஒரு சாதாரண கடதாசிப் பட்டத்தைச் சிறகாகப் பூட்டினார். பின்புறத்தில் திருப்பி அமைக்கத்தக்க வாலையும், முன்புறத்தில் நகர்த்தத்தக்க பாரத்தையும் வைத்தார். மலைச்சரிவிலிருந்து விடப்பட்ட அம்மாதிரி அழகுற மிதந்து இறங்கியது. தைப்பொங்கற் காலத்தில் நம் பிள்ளைகள் ஏற்றும் பட்டத்துக்கும் இன்றைய ஆகாய விமானத்துக்கும் இடையே உள்ள உறவு எவ்வளவு நெருங்கியது என்பதை இதனால் உணரலாம்.

அடுத்து நினைக்கத்தக்கவர் ஜேர்மனியரான ஒட்டோ லிலியந்தால். அவர் 1891 முதல் 1896 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் தடவைகள் தாமே சமைத்த சிறகுகளைத் தாங்கிக் குன்றுகளிலிருந்து பறந்தார். 1894 இல் பேர்ளின் நகருக்கு அண்மையில் 15 மீற்றர் உயரமான செயற்கைக் குன்று ஒன்றையும் இதற்கெனவே அமைத்தார். 1896 ஓகஸ்ட் 9 ஆந் திகதி அவருடைய விமானம் மூக்கை நிமிர்த்தி, ஏற்றுவிசையை இழந்து வீழ்ந்தது. முதுகெலும்பு முறிந்த அவர் மறுநாள் உயிர்நீத்தார். அவர் விட்டுச் சென்ற அளவீடுகளைக் கற்றே அமெரிக்காவின் றைற் சகோதரர் தம் முயற்சியைத் தொடங்கினர். அவர்களுள் ஓர்வில் றைற், 1911 ஒக்டோபர் 24 இல், வட கரோலினாவின் மணற்குன்றுகளின்மேல் இயந்திரமின்றி 9 நிமிடம் 45 செக்கன் வானில் நின்றார்.

முதல் உலகப் போரின் பின் வேர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியரின் விமான முயற்சிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. மனந்தளராத இளைஞர்கள் இயந்திரமில்லா விமானங்களின்பால் திரும்பினர். றோன் மலைப்பகுதியில் 950 மீற்றர் உயரமான வாசர்குப்பே என்னும் மலையில் 1920 இல் முதற் போட்டி நடைபெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1922 ஓகஸ்டில், ஹனோவர் மாணவர் குழுவின் ‘வம்பீர்’ என்னும் விமானத்தில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேலும், ஹென்ட்சன் மூன்று மணி நேரத்துக்கு மேலும் பறந்தனர். நிமிடக் கணக்கில் இருந்த எல்லையை மூன்று மணி நேரமாக்கியவர்கள் மாணவர்கள் என்பதை நம் மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அம்மலையில் இன்று சறுக்கு விமானங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. அதில் மாதிரி விமானங்களுக்கும் தனியிடம் அளிக்கப்பட்டுள்ளது. என் மாணவன் விடுமுறை நாட்களிற் செல்வதும் அம்மலைப் பகுதிக்கே.

இனி, விமானம் சமைக்கும் முறையைப் பார்ப்போம். பழைய முறை பல்சா மரத்தினால் ஆனது. இறகின் குறுக்குவெட்டு வடிவிற் பல விலாத் துண்டுகளை வெட்டி, நீண்ட வளைகளில் வரிசையாக ஒட்டி, மெல்லிய தாளினாலோ பிளாஸ்டிக் படலத்தினாலோ போர்த்துவார்கள். பழகுவோர் இக்காலத்தில், மோதினாலும் நசுங்கி மீளும் ஒருவகை நுரைப்பொருளை நாடுகின்றனர். போட்டிக்குரியவை கண்ணாடி நாரும் காபன் நாரும் கொண்டு அச்சில் வார்க்கப்படுவன. எம்முறையாயினும் விதி ஒன்றே: இருபுறச் சிறகுகளும் நிறையாலும் வடிவாலும் ஒத்திருத்தல் வேண்டும், முறுக்கு இருத்தலாகாது.

விமானத்தினுள்ளே ஒரு வானொலி வாங்கி, சிறு பற்றரி, சுக்கான்களை அசைக்கும் சேர்வோ என்னும் சிறு மோட்டார்ப் பெட்டிகள் ஆகியன அமையும். நிலத்தில் நிற்பவன் கையிலுள்ள பெட்டியின் கோலை அசைத்தால், அதற்கேற்ற துடிப்பு வானொலி அலையாகச் செல்கின்றது. துடிப்பு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீளமாயின் சுக்கான் நடுவில் நிற்கும். அதிலும் குறையின் ஒருபுறம் திரும்பும், கூடின் மறுபுறம் திரும்பும். முன்னாளில் 27, 35, 72 மெகாஹேர்ட்ஸ் மீடிறன்கள் வழங்கின. இருவர் ஒரே மீடிறனைப் பயன்படுத்தினால் இருவர் விமானமும் நிலைகெட்டு வீழக்கூடும். ஆதலால், தன் மீடிறனுக்குரிய அடையாளத்தைப் பலகையிலிருந்து எடுத்தவனே பெட்டியை இயக்கலாம் என்னும் ஒழுங்கு கழகங்களில் இருந்தது. இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகளில் ஒவ்வொரு பெட்டியும் தன் வாங்கியை மட்டுமே அறியும்.

சமைத்தலினும் பறக்கவிடுதலே கடினமானது. விமானம் நம்மை விட்டு அப்பாற் செல்லும்பொழுது அதன் வலம் நம் வலமாகும். அது நம்மை நோக்கி வரும்பொழுது அதன் வலம் நம் இடமாகிவிடும். ஓட்டுபவன் தன் மனத்தை அவ்விமானத்தினுள்ளே இருத்தினாலன்றித் தடுமாற்றம் நீங்காது. மற்றொரு விதியும் உண்டு. மலைமுகட்டுக்கு இணையாக இங்குமங்கும் பறக்கையில், ஒவ்வொரு முனையிலும் மலையை விட்டு விலகி, காற்றை நோக்கியே திருப்புதல் வேண்டும்.

இவ்விதியின் காரணத்தை என் மாணவன் பெருவிலை கொடுத்தே கற்றான். ஒரு மாரிகாலம் முழுவதும் இரவிரவாக இருந்து, இரண்டு மீற்றர் சிறகுடைய பல்சா விமானமொன்றைத் தன் முதல் விமானமாகச் சமைத்தான். வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கொண்டு சென்றான். காற்றை எதிர்த்து நின்றபொழுது விமானம் கட்டி நிறுத்தியது போல மெல்ல ஊர்ந்தது. செக்கனுக்கு 10 மீற்றர் கதியுடைய விமானம் செக்கனுக்கு 8 மீற்றர் காற்றை எதிர்க்குமாயின், நிலத்தைப் பொறுத்து 2 மீற்றர் கதியே எஞ்சும். அந்த அமைதியை நம்பி, மூன்றாம் நிமிடத்தில் மலைப்பக்கமாகத் திருப்பிவிட்டான். காற்று இப்பொழுது முதுகில் இருந்து தள்ளியது. இரண்டாக இருந்த கதி பதினெட்டாயிற்று. அஃதாவது, மணிக்கு 65 கிலோமீற்றர் அளவு. சுக்கானை மறுபுறம் திருப்புமுன் விமானம் முகட்டைத் தாண்டிற்று. முகட்டின் பின்புறத்திற் காற்றுச் சுழன்று கீழிறங்கும். அச்சுழலிற் பட்ட விமானம் தரையில் மோதிச் சிதறியது.

“அழுகை வந்தது, சேர். ஆனால் துண்டுகளைப் பொறுக்கும்பொழுதே எங்கே பிழைத்தேன் என்று விளங்கிவிட்டது” என்றான்.

லிலியந்தால் தம் உயிரைக் கொடுத்துப் பெற்ற வகையான பாடத்தை, இவன் சில மரத்துண்டுகளைக் கொடுத்துப் பெற்றான். இதனையே இப்பொழுதுபோக்கின் பெரும் பயனாக நான் கருதுகின்றேன். பிழை செய்ய இடமுண்டு; பிழையின் பயனும் உடனே கண்முன் தெரிகின்றது. கண்டிக்க ஆசிரியரும் வேண்டா, புள்ளியிடப் பரீட்சகரும் வேண்டா.

இதிலே தேர்ந்தவர்களுக்குச் சர்வதேசப் போட்டிகளும் உள்ளன. 100 மீற்றர் தூரத்தைப் பத்து முறை மிகக் குறைந்த நேரத்திற் கடக்கும் போட்டிக்கு 2012 முதல் உலகச் சம்பியன் பட்டமும் வழங்கப்படுகின்றது. வேறு சிலர், முகட்டின்மேல் விரையும் காற்றுக்கும் அதன் பின்னால் அடங்கிய காற்றுக்கும் இடையே வட்டமிட்டு, கடற்பறவையாகிய அல்பற்றோஸைப் போலக் காற்றின் கதி வேறுபாட்டிலிருந்தே சக்தியைப் பெறுகின்றனர். என் மாணவனை வீழ்த்திய அதே இடம் இவர்களுக்குச் சக்தி ஊற்றாகின்றது. 2021 இல் ஸ்பென்சர் லிசன்பி என்னும் அமெரிக்கர் கலிபோர்ணிய மலையொன்றில், இயந்திரமில்லா மாதிரி விமானத்தை இம்முறையால் மணிக்கு 882 கிலோமீற்றர் கதியிற் செலுத்தினார்.

இவற்றைப் படித்த மாணவர்கள் உடனே விலையுயர்ந்த கருவி வேண்டுமென்று தந்தையாரை வருத்துதல் கூடாது. வானொலியின்றியே தொடங்கலாம். தடித்த கடதாசி மட்டையில் ஒரு சிறகும் வாலும் வெட்டி, மெல்லிய குச்சியிற் பொருத்துங்கள். சிறகின் இரு நுனிகளையும் சற்று மேல்நோக்கி வளையுங்கள். சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் காற்பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையில் விரலால் தாங்கினால் சமநிலையில் நிற்கும்வரை மூக்கிற் பாரம் சேருங்கள். பின் காற்றில்லாத வேளையில் மெல்ல, நேராக வீசுங்கள். அது மூக்கை நிமிர்த்தித் தடுமாறினால் பாரம் போதாது. தலைகுப்புறப் பாய்ந்தால் பாரம் அதிகம். ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதன் விளைவைக் கொப்பியிற் குறித்து வாருங்கள். விஞ்ஞானிகளும் இம்முறையையே கைக்கொள்கின்றனர்.

வானொலிக் கட்டுப்பாட்டுக்கு முன்னேறும் நிலை வந்தால், நம் நாட்டிற் சிவில் விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகார சபையின் விதிகளை முதலிற் கேட்டறிந்து, வேண்டிய அனுமதியைப் பெறுதல் அவசியம். மனிதர் கூடும் இடத்திலும் விமான நிலையத்துக்கு அண்மையிலும் இவ்விளையாட்டு ஆகாது.

விடைபெறும் வேளையில், கிழித்த அந்தக் கடதாசி விமானத்தை நினைவூட்டி, நான் செய்தது தவறு என்று என் மாணவனிடம் கூறினேன். அவன் அதனை மறந்திருப்பான் என்றே எண்ணியிருந்தேன்.

“மறக்கவில்லை, சேர். அதற்குப் பிறகு ஜேர்மனிக்குப் போகும்வரை நான் ஒன்றும் செய்யவேயில்லை” என்றான். அவன் குரலிற் கோபம் இல்லை. கோபம் இருந்திருப்பின் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

அன்று கரும்பலகையில் நான் எழுதிய பாடம் புவியீர்ப்பு மையம். அவன் மூக்கிற் குத்திய குண்டூசி, அப்பாடத்தை அவன் ஏற்கெனவே தானாகக் கண்டறிந்துவிட்டான் என்பதன் சான்று. ஊசி என் விரலில் தைத்தும் எனக்கு அது விளங்கவில்லை.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, பிள்ளையின் கையிலுள்ள விளையாட்டுப் பொருளைப் பறிக்க வேண்டிய வேளைகள் உண்டு; இல்லையென்று நான் கூறவில்லை. ஆயினும், பறிக்குமுன் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் இந்த ஊசி எதற்கு?” அவன் கூறும் மறுமொழியைக் கேட்ட பின்னர், கிழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.