மூலையிலே துருப்பிடிக்கலாமா?

ஆவூரிலே ஒரு வீட்டுக் கொல்லையில் அந்தச் சைக்கிளைக் கண்டோம். டயர் வெடித்து, செயின் இறுகி, ரிம் முழுதும் துரு! ஹேண்டில்பாரில் கோழி உட்கார்ந்திருந்தது.

"பழைய இரும்புக்காரருக்குப் போட வேண்டியதுதான்" என்றார் வீட்டுக்காரர்.

"யார் ஓட்டியது?" என்றோம்.

"எங்க அம்மா. அறிவொளிக் காலத்திலே கத்துக்கிட்டாங்க."

பழைய இரும்பா அது? இல்லை தோழர்களே, இல்லை! பழைய போராட்டத்தின் வாகனம் அது!

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் துணை நின்றார். கல் உடைப்பவர், களை பறிப்பவர், கிராமச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர் என்று பெண்கள் ஆயிரமாயிரமாய் ஏறினார்கள். ஏளனம் செய்தோர் உண்டு, ஏசியோரும் உண்டு. அவர்கள் இறங்கினார்களா? பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள்! முன்கம்பியிலே குழந்தையை உட்காரவைக்கலாம் என்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனைத் தம் நூலிலே உலகறிய எழுதினார்.

பஸ்ஸுக்குக் காத்திராமல், கணவனையோ அண்ணனையோ கெஞ்சாமல், தன் காலால் தன் வழி போகும் உரிமை! அதுவன்றோ அவர்கள் பெற்றது?

"மோட்டார் சைக்கிள் காலத்தில் இது எதற்கு?" என்பார் சிலர். வீட்டிலே வண்டி இருக்கிறது. சாவி யார் சட்டைப் பையில் இருக்கிறது? தவணை கட்டுவது யார்? பெட்ரோலுக்கு அழுவது யார்? சைக்கிளுக்குத் தவணையும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

பழுது பார்ப்பது மலையைப் புரட்டும் வேலையா? மண்ணெண்ணெயில் செயினை ஊறவைத்துத் துருவைத் தேய்த்தெடுக்கலாம். அச்சுகளைக் கழற்றி, தேய்ந்த குண்டுகளை மாற்றிப் புதுக் கிரீஸ் வைக்கலாம். கம்பிகளை முடுக்கிச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கலாம். டயர், டியூப், பிரேக் கட்டைகள் புதிது வேண்டும். அதிலே கஞ்சத்தனம் கூடாது. ஃபிரேமோ ஃபோர்க்கோ விரிசல் விட்டிருந்தால் மட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும், உயிர் பெரிது!

பள்ளி மாணவருக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது, வரவேற்கிறோம். படிப்பு முடிந்ததும் அதுவும் மூலைக்குப் போகலாமா? வயலுக்கும் வேலைத்தளத்துக்கும் நடந்தே தேயும் கால்கள் ஊரிலே எத்தனை!

ஆகவே கிளைத் தோழர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். மூலையில் கிடப்பவற்றை மரத்தடிக்குக் கொண்டு வாருங்கள். சைக்கிள் கடைத் தோழரை அழையுங்கள். அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். உழைப்பை இலவசமாய்க் கேட்பது நமக்கு அழகல்ல. ஓடத் தொடங்கிய சைக்கிளை, தேவைப்படும் தங்கையிடம் ஒப்படையுங்கள்.

துரு இரும்பிலே மட்டுமா பிடிக்கிறது? ஓட்டாமல் போட்டால் உரிமையிலும் பிடிக்கும். தேய்ப்போம், ஓட்டுவோம்!