ஸ்டீயரிங் ஆடுது... சரி, எப்போ ஆடுது?

கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்வராயன் மலையில் ஆசிரியை வேலை. தினமும் காரில் ஏறி இறங்குகிறார். வண்டி 2009 மாடல் மாருதி 800. “பதினைந்து வருடம் முடிந்து, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தோம். இப்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, இறங்கும்போதுதான் அதிகம். இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாச்சு. கடைசியாகப் போன இடத்தில் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். வண்டியை விற்றுவிடலாமா சார்?” என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள் டீச்சர். டாக்டரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் என்ன மருந்து எழுதுவார்? “முன் வீல் ஆடுது” என்பதும் அப்படித்தான். எந்த வேகத்தில், பிரேக் பிடித்தாலா, ஆக்ஸிலேட்டர் மிதித்தாலா, வளைவிலா என்று சொன்னால் பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால் மெக்கானிக் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார், பில் நமக்கு.

முதலில் காசு செலவில்லாத சோதனைகள். மழை நாளில் மலையிலிருந்து இறங்கிய வண்டியா? ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கைப்பிடி மண் போதும், ஸ்டீயரிங் நடுங்க. கழுவினால் சரியாகிவிடும். அடுத்து, பஞ்சர் போட்டு மாட்டிய வீலில் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வட்டமாக வரிசையில் இறுக்காமல், எதிரெதிராக இறுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை.

பிறகு டயர். பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தால், அந்த டயரோடு மலை ஏறவே கூடாது. ஸ்டெப்னியை மாட்டுங்கள். டயரில் DOT என்ற எழுத்துகளை ஒட்டி, கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. 2000-ம் ஆண்டு முதல் இந்த முறைதான். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரை ஓட்டுபவர்கள் அதிகம். ரப்பர் வெடித்து, உள்ளே இருக்கும் அடுக்கு விட்டுப்போனாலும் வீல் குதிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், சின்னசேலம் அல்லது தியாகதுருகம் பக்கம் போய் சேலம் - உளுந்தூர்பேட்டை நாலுவழிச் சாலையில் ஏறுங்கள். 60 வரை அமைதி, 70-80-ல் ஸ்டீயரிங் படபடப்பு, 90 தாண்டினால் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு. ரிம்மில் ஒட்டியிருந்த சின்ன ஈயத்துண்டு எங்கோ விழுந்திருக்கும். இருபது கிராம்தானே என்று நினைக்காதீர்கள். மாருதி 800-ன் வீல் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. அந்த இருபது கிராம் வித்தியாசம், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடையைக் கட்டித் தொங்கவிட்டது போல வீலைச் சுண்டும். வேகம் இரண்டு மடங்கானால் சுண்டுதல் நாலு மடங்கு. நடுக்கம் ஸ்டீயரிங்கில் இல்லாமல் சீட்டில் தெரிந்தால் பின்வீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். நடுக்கத்துக்கு அதைப் பார்ப்பது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது மாதிரி. டீச்சர் இரண்டு முறை செலவழித்தது இதற்குத்தான்.

அடுத்தது ரிம். கரும்பு லோடு டிராக்டர்கள் ஓடி ஓடிப் பள்ளமான ரோட்டில் வேகமாக விட்டால் ரிம் வளையும். சமதரையில் கை பிரேக் போட்டு, பின்வீலுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஜாக்கியில் முன்வீலைத் தூக்கிச் சுற்றுங்கள். ரிம்முக்கு மிக அருகில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தால், வளைந்த இடம் மட்டும் உரசிக் கோடு போடும். அப்படியே வீலை மேலும் கீழுமாக, பிறகு இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடவலமாக மட்டும் என்றால் டை ராட் எண்ட். சுற்றும்போது ‘கரகர’ சத்தம் வந்தால் பேரிங்தான். வண்டிக்கு அடியில் மட்டும் தலையை விடாதீர்கள். ஜாக்கியை நம்பக் கூடாது.

இனி மலை. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் மிதிக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்தால் நின்றுவிட்டால், ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டக் டக் டக்’ என்றால் வெளிப்பக்க ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். பூட் கிழிந்தவுடனே மாற்றியிருந்தால் சின்னச் செலவு, விட்டுவிட்டால் ஆக்சிலே போய்விடும். ஆம்னி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாரா பொருந்தாது. அவற்றில் இன்ஜின் சக்தி பின்வீலுக்குப் போகிறது.

இறக்கம்தான் டீச்சரின் விஷயம். வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து கோமுகி அணை வரை பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் முன் டிஸ்க் பழுக்கக் காய்கிறது. கீழே வந்து வண்டியை நிறுத்தி, அதே இடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பேடின் பூச்சு டிஸ்க்கில் அந்த இடத்தில் மட்டும் படிந்துவிடும். சிலர் ஓடைத் தண்ணீரை மொண்டு சூடான வீலில் ஊற்றுகிறார்கள். பாவம், நல்லது செய்வதாக நினைப்பு! டிஸ்க் கோணிக்கொள்ளும். பிறகு பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடலும் ஸ்டீயரிங்கும் துடிக்கும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரேக் பூஸ்டருக்கு இன்ஜினிலிருந்துதான் உறிஞ்சு சக்தி வருகிறது. நாலைந்து மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். மாறாக, பெடல் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு கிளம்புங்கள். அந்த ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

எனவே டீச்சர், டயர் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. காலி ரோட்டில் 60-ல் போய் மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். அப்போது மட்டும் நடுங்கினால் மெக்கானிக்கிடம் டிஸ்க்கின் கனத்தைப் பல இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். கனம் போதுமானால் லேத்தில் சீவலாம், இல்லையென்றால் இரண்டு பக்கமும் புதிது, பேடும் ஜோடியாக. இறங்கி வந்ததும் இரண்டு முன்வீலுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே காலிப்பர் சிக்கியிருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் அதைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் நம் பக்கம் அபூர்வம். 2029 வரை ஆர்.சி. இருக்கிறது. வண்டியை விற்க வேண்டாம். பேடு மாற்றியதும் எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள்.