குளிரும் அடுப்பும்

மார்கழி பிறந்தால் நம் மதுரைவாசிகளுக்குக் கொடைக்கானல் ஞாபகம் வந்துவிடுகிறது. வைகைக் கரையில் ஒரு துண்டைப் போர்த்திக் காலந்தள்ளும் வாலிபர்கள், அதே துண்டோடு 2,000 மீட்டர் உயரம் ஏறிக் கூடாரம் அடிக்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி உஷ்ணம் குறையுமென்று வகுப்பில் நாமேதான் சொல்லிக் கொடுத்தோம். பரீட்சையோடு மறந்துவிட்டார்கள் போலும்!

ஆனால் குளிரைவிட நாம் அஞ்சுவது அடுப்பையே. கூடாரத்தை இறுக மூடிக்கொண்டு உள்ளே கும்மட்டியோ ஸ்டவ்வோ மூட்டினால் கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்துவிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. முதலில் தலைநோவு, பின்பு மயக்கம், அப்புறம் விழிக்காத உறக்கம். சமையல் வாயுவோ காற்றிலும் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கித் தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. 2023 ஆகஸ்டு 26 விடியற்காலையில், லக்னோ யாத்திரிகர்கள் வந்த ரயில் பெட்டியொன்று நம் மதுரை நிலையத்தருகே நின்றிருந்தது. விதிக்கு மாறாக உள்ளே ஏற்றியிருந்த சிலிண்டரைக் கொண்டு தேநீர் போட முனைந்தார்கள். ஒன்பது பேர் மாண்டனர். மலையுமில்லை, பனியுமில்லை, மூடிய இடமும் ஓர் அடுப்புமே போதுமாயிருந்தன.

மலைக்குப் புறப்படும் பிள்ளைகளின் மூட்டையைத் தாய்மார்கள் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கட்டும். கம்பளி இல்லையேல் வைக்கட்டும். அடுப்பு இருந்தால், கூடாரத்துக்கு வெளியே மட்டுமே மூட்டுவதாக வாக்கு வாங்கிக்கொள்ளட்டும்.